ஒரகடம் ஜங்ஷன் தெரியும், ஒரகடம் தெரியுமா?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரகடம்னு சொன்னதும் உங்க மனசுல என்ன வருது?

பெரும்பாலானவங்களுக்கு ஒரு மேம்பாலம் வரும். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையும், சிங்கப்பெருமாள்கோயில்-ஸ்ரீபெரும்புதூர் சாலையும் குறுக்கே வெட்டிக்கிற ஜங்ஷன். வரிசையா கம்பெனி பஸ். கன்டெய்னர் லாரி. புரோட்டாக் கடை. கழுத்துல ஐடி கார்டு தொங்கற கூட்டம். காரும் லாரியும் புல்லட்டும் தயாராகற இடம்.

ஒருநாள் அந்த ஜங்ஷன்ல நின்னு, டீக்கடைக்காரர்கிட்ட, “அண்ணே, ஒரகடம் ஊர் எங்க இருக்கு?”ன்னு கேட்டேன். “இதான் தம்பி ஒரகடம்”னாரு. “இல்லண்ணே, ஊரு. ஏரி, கோயில், பஞ்சாயத்து ஆபீஸ் இருக்கிற ஊரு.” என்னை ஒருமாதிரி பார்த்துட்டு, “நீங்க எந்தக் கம்பெனி?”ன்னு திருப்பிக் கேட்டாரு. ஒரகடத்துக்கு வர்றவன் ஒரகடத்தைப் பார்க்க வரமாட்டான்னு அவருக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு.

தப்பு அவர்மேல இல்ல. நானே இந்தப் பக்கம் ரெண்டு வருஷம் வாடகைக்கு இருந்தவன்தான். ஆறு பேர் சேர்ந்து ஒரு ரூம். ஷிஃப்ட் முடிஞ்சா தூக்கம், ஞாயிற்றுக்கிழமை ஆனா சென்னை. 2015 டிசம்பர் மழையில அந்த ரூமுக்குள்ள முழங்கால் அளவு தண்ணி வந்துச்சு. பெட்டியை எல்லாம் கட்டில்மேல ஏத்திட்டு நின்னோம். வீட்டுக்காரரோட அம்மா மாடிப்படியில உட்கார்ந்துகிட்டு நிதானமா சொன்னாங்க: “கலங்கல் போற வழியில வீட்டைக் கட்டினா, கலங்கல் வீட்டுக்குள்ளதாம்ப்பா வரும்.”

கலங்கல்னா என்னன்னே எனக்கு அப்போ தெரியாது. இந்த எபிசோட் அந்த ஒரு வார்த்தையில இருந்து வந்ததுதான். ஒரகடத்தையும் அதைச் சுத்தியிருக்கிற ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தையும் புரிஞ்சுக்க நாலு மேப் வேணும். தண்ணியோட மேப், காகிதத்தோட மேப், சாமியோட மேப், கம்பெனியோட மேப். நாலும் ஒரே நிலத்து மேலதான் இருக்கு. ஆனா ஒண்ணோட ஒண்ணு பொருந்தாது. அந்தப் பொருந்தாத இடங்கள்லதான் இந்த ஊரோட பிரச்சினை எல்லாமே இருக்கு.

ஒரு சின்ன எச்சரிக்கை. கூகுள்ல தேடினா ஒரகடம் ஒண்ணுக்கு மேல வரும். அம்பத்தூர்ல ஒரு ஒரகடம் இருக்கு. நாம பேசப்போறது காஞ்சிபுரம் மாவட்டத்து ஒரகடம். வேடிக்கை என்னன்னா, ரெண்டுமே ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதிக்குள்ளதான் வருது. ரெண்டு ஒரகடத்துக்கும் ஒரே எம்.பி.

முதல் மேப்: தண்ணி

இந்த வட்டாரத்துல வருஷம் பூரா ஓடற ஆறு கிடையாது. தெற்கே வாலாஜாபாத் பக்கம் பாலாறு. வடக்கே கொசஸ்தலை. நடுவுல இருக்கிற இந்த நிலம் கிட்டத்தட்ட தட்டை. மேற்கில இருந்து கிழக்கே மெதுவா, கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சரியுது. அடியில ரொம்பப் பழைய மண். நிலவியல் படிக்கிறவங்களுக்கு ‘ஸ்ரீபெரும்புதூர் படிவுகள்’ நல்லாத் தெரிஞ்ச பெயர். 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரங்களோட புதைபடிவங்கள் அதுல கிடைச்சிருக்கு.

மழை? பெரும்பங்கு அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள, வடகிழக்குப் பருவமழையா கொட்டித் தீர்த்துடும். அப்புறம் மாசக்கணக்கில வெயில். அதனால இங்க பயிர் வைக்கணும்னா ஒரே வழிதான். விழற தண்ணியைப் பிடிச்சு வைக்கணும். அதுக்குத்தான் ஏரி.

ஏரின்னா குழி தோண்டித் தண்ணி தேக்கறதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். இல்ல. நிலம் சரியற திசையில, பிறை நிலா மாதிரி ஒரு மண்கரை போடறாங்க. மேட்டுப் பக்கம் திறந்தே இருக்கும். அந்தப் பக்கத்துல இருந்து மழைத்தண்ணி வரத்துக் கால்வாய் வழியா உள்ள வரும். கரையில மதகு இருக்கும். அதைத் திறந்தா கீழே இருக்கிற வயலுக்குத் தண்ணி பாயும். அப்படிப் பாயற நிலத்துக்குப் பேர் ஆயக்கட்டு. ஏரி நிரம்பிடுச்சுன்னா கரை உடையக்கூடாது இல்லையா? அதுக்காகக் கரையோட ஒரு ஓரத்துல, கணக்கான உயரத்துல, கல்லால கட்டின ஒரு வழி விட்டிருப்பாங்க. உபரித் தண்ணி அது மேல வழிஞ்சு வெளியே போகும். அதுதான் கலங்கல்.

கலங்கல்ல வழியற தண்ணி வீணாப் போகாது. அது அடுத்த ஊர் ஏரிக்கு வரத்து. அந்த ஏரி நிரம்பினா அதுக்கடுத்த ஏரி. இப்படி ஒரு சங்கிலி. மேலே இருக்கிற ஊர்க்காரன் தன் கலங்கலை ரெண்டு கல் உயர்த்திக் கட்டினா, கீழ் ஊர்க்காரனுக்குத் தண்ணி தாமதமாகும். அதனால கலங்கலோட உயரம் பொறியியல் மட்டும் இல்ல, ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்கிற ஒப்பந்தமும்கூட.

பாலாற்றுத் தண்ணியைக் கொண்டுவர்ற கம்பன் கால்வாய் இந்த ஏற்பாட்டுக்குப் பெரிய உதாரணம். பல்லவர் காலத்துக் கம்பவர்மன் பேர்ல வழங்குற கால்வாய் இது. வழியில பல ஏரிகளுக்குத் தண்ணி கொடுத்துட்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்கு வருது. அங்கிருந்து உபரி செம்பரம்பாக்கத்துக்கு. செம்பரம்பாக்கம் உங்களுக்குத் தெரியும், சென்னைக்குக் குடிதண்ணி கொடுக்கிற ஏரி. முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. அங்க வழியறது அடையாற்றுல சேர்ந்து, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியா கடலுக்குப் போகுது.

2015 டிசம்பர் 1-ம் தேதி செம்பரம்பாக்கத்துல இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டாங்க. அன்னைக்குச் சென்னையில வீட்டுக்குள்ள தண்ணி வந்தவங்க ‘செம்பரம்பாக்கம்’ங்கிற பேரை மட்டும் ஞாபகம் வெச்சிருக்காங்க. ஆனா அந்தச் சங்கிலி மேற்கே எத்தனையோ ஊர் தள்ளித் தொடங்குது. ஏரிக்கரைகள் எங்கெங்க பலமா இருக்கு, கால்வாய் எங்கெங்க தூர்ந்து போயிருக்குங்கிறது கோட்டூர்புரம் வரைக்கும் எதிரொலிக்குது.

ஊர்ப் பேர்களைக் கவனிச்சீங்கன்னா இந்த மேப் அதுலயே இருக்கும். தாங்கல்னா சின்ன ஏரி. மண்ணூர்த் தாங்கல், பெரிய தாங்கல், சித்தேரின்னு பேர் கேட்டா, அங்க தண்ணி நின்னிருக்குன்னு அர்த்தம். வாடகைக்கு வீடு பார்க்கப் போறப்போ, தெருப் பேர் ‘ஏரிக்கரைத் தெரு’ன்னு இருந்தா ஒரு நிமிஷம் யோசிங்க.

ரெண்டாவது மேப்: காகிதம்

ஊரை நிர்வாகம் பண்றதுங்கிறது இங்க ரொம்பப் பழைய வேலை. ஒரகடத்துக்குப் பக்கத்துல இருக்கிற மணிமங்கலத்தை எடுத்துக்குங்க. ஏழாம் நூற்றாண்டுல பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியைத் தோற்கடிச்ச போர்க்களங்கள்ல ஒண்ணு அது. சோழர் காலக் கல்வெட்டுகள்ல அந்த ஊருக்கு முழு விலாசமே இருக்கு: செயங்கொண்ட சோழ மண்டலம், அதுக்குள்ள செங்காட்டுக் கோட்டம், அதுக்குள்ள மாகனூர் நாடு, அதுக்குள்ள மணிமங்கலம். இன்னைக்கு நாம மாநிலம், மாவட்டம், வட்டம், ஊர்னு எழுதற மாதிரியே.

இதே மாவட்டத்துல இருக்கிற உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. முதலாம் பராந்தகன் காலம், 919, 921-ம் ஆண்டுகள். குடவோலை முறை. ஊரை 30 குடும்புகளாப் பிரிச்சு, பேர் எழுதின ஓலையைக் குடத்துல போட்டுக் குலுக்கி ஆள் எடுத்தாங்க. எதுக்கு ஆள் எடுத்தாங்கங்கிறதைத்தான் நாம மறந்துடறோம். அந்தக் குழுக்கள்ல ஒண்ணு ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கறதுக்குன்னே தனிக் குழு. பதவிக் காலம் 360 நாள். முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவருக்கும், அவரோட நெருங்கிய உறவுக்காரங்களுக்கும் குடத்துல இடம் கிடையாது.

இதைப் பெருமையா மட்டும் சொல்லி நிறுத்தினா நேர்மை இல்ல. அது பிராமணர் ஊர்ச் சபை. சொந்த நிலமும் வீடும் வேதப் படிப்பும் இருக்கிற 35-லிருந்து 70 வயசு ஆண்களுக்கு மட்டும்தான் அந்தக் குடத்துல இடம். ஏரியில மண் சுமந்தவங்களுக்கு ஓலை கிடையாது. இந்த விஷயத்துக்குத் திரும்ப வருவோம்.

1763-ல் ஆற்காடு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீரா கொடுத்தாரு. ‘செங்கல்பட்டு ஜாகீர்’. அடுத்து 1767-லிருந்து 1774 வரைக்கும் தாமஸ் பர்னார்டு ஊர் ஊரா சர்வே எடுத்தாரு. அந்தப் பதிவுகள்ல ஒரு அழகான விஷயம் இருக்கு. அறுவடையை அரசுக்கும் விவசாயிக்கும் பிரிக்கறதுக்கு முன்னாடியே, களத்துமேட்டுலயே கோயிலுக்கு ஒரு பங்கு, தச்சருக்கு ஒரு பங்கு, காவல்காரருக்கு ஒரு பங்கு, ஏரிக்கு ஒரு பங்குன்னு எடுத்து வைப்பாங்க. ஏரிக்கும் கூலி உண்டு! வருமானம் மொத்தமும் மேலே போக ஆரம்பிச்சதும் அந்தப் பங்கு நின்னுச்சு. ஊர்க்காரங்களே சேர்ந்து தூர் வாரற குடிமராமத்து பழக்கமும் மெல்லத் தேய்ஞ்சது. 2017-ல் தமிழக அரசு அதே பேர்ல ஒரு திட்டம் கொண்டுவந்தப்போ, பல இளைஞர்களுக்கு அது புது வார்த்தை.

இப்போ மண் சுமந்தவங்க விஷயம். 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டரா இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் மக்களோட நிலையைப் பத்தி அரசுக்கு ஒரு அறிக்கை அனுப்பினாரு. நிலம் இல்லாததுதான் அடிமைத்தனத்தோட வேர்ங்கிறது அதோட சாரம். அதைத் தொடர்ந்து 1892-ல் சென்னை மாகாணத்துல ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆணை வந்துச்சு. அதைத்தான் பஞ்சமி நிலம்னு சொல்றோம். முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அப்புறம் விற்றாலும் அதே பிரிவினருக்குத்தான் விற்கணும். காகிதத்துல இப்படி. நடைமுறையில நிறைய நிலம் கை மாறிடுச்சு. 1994 அக்டோபர்ல செங்கல்பட்டுல பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் உயிரிழந்தாங்க. இன்னைக்கு ஏக்கர் கோடிக்கணக்குல பேசப்படற வட்டாரம் இது. ‘இந்த நிலம் காகிதத்துல என்ன வகை?’ங்கிற கேள்வி எவ்வளவு கனமானதுன்னு இப்போ புரியும்.

சரி, இன்றைய நிர்வாகத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க, குழப்பமான இடம் இதுதான்.

1997-ல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர்னு பிரிஞ்சது. 2019 நவம்பர்ல காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமாச்சு. இப்போ காஞ்சிபுரம் மாவட்டத்துல அஞ்சு வட்டம்: காஞ்சிபுரம், வாலாஜாபாத், உத்திரமேரூர், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர்.

இங்க ரெண்டு ஏணி இருக்கு. ஒண்ணு வருவாய்த் துறை ஏணி: கலெக்டர், கோட்டாட்சியர், தாசில்தார், வருவாய் ஆய்வாளர், அடியில கிராம நிர்வாக அலுவலர். அதாவது வி.ஏ.ஓ. நிலம் இவங்க கையில. 1980 வரைக்கும் இந்த அடிப்படிக்கட்டுல பரம்பரையா வர்ற கர்ணமும் முன்சீப்பும் இருந்தாங்க. அந்த வருஷம் நவம்பர்ல எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழிச்சது. அதுக்கப்புறம்தான் தேர்வு எழுதி வர்ற வி.ஏ.ஓ.

இன்னொண்ணு உள்ளாட்சி ஏணி: மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், அடியில கிராம ஊராட்சி. தலைவரும் வார்டு உறுப்பினர்களும் நாம ஓட்டுப் போட்டு வர்றவங்க. தெருவிளக்கு, குடிதண்ணி, குப்பை, வீட்டு வரி எல்லாம் இவங்க. வருவாய் கிராமத்தோட எல்லையும் ஊராட்சியோட எல்லையும் ஒண்ணா இருக்கணும்னு அவசியம் இல்ல. போலீஸ் எல்லை இன்னும் வேற: மணிமங்கலத்துக்கு கலெக்டர் காஞ்சிபுரத்துல, போலீஸ் கமிஷனர் தாம்பரத்துல.

இப்போ ஏரி யார் கையில? ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல இருந்தா நீர்வளத் துறை. அதுக்குக் கீழே இருந்தா ஊராட்சி ஒன்றியம். ஏரி கிடக்கிற நிலம் வருவாய்த் துறையோட பதிவேட்டுல. வரத்துக் கால்வாய் மூணு ஊராட்சி வழியா வரும். ஒரு கால்வாய் அடைச்சுக்கிட்டா எங்க போய்ப் புகார் கொடுக்கறதுன்னு கேட்டா, பதில் சொல்லவே ஒருநாள் ஆகும். முன்னாடி சொன்ன ஏரி வாரியத்துக்கு இருந்த ஒரே வேலையை இன்னைக்கு யாரும் ஒரே வேலையாப் பார்க்கல.

இந்தக் காகித மேப்ல ஒரு வார்த்தையை மட்டும் மனசுல வெச்சுக்கங்க: புறம்போக்கு. நாம இதைத் திட்டறதுக்குப் பயன்படுத்தறோம். நிஜ அர்த்தம், வரி போடற கணக்குக்கு வெளியே வெச்ச பொது நிலம். ஏரிப் புறம்போக்கு, ஓடைப் புறம்போக்கு, மேய்க்கால் புறம்போக்கு, களப் புறம்போக்கு. மாடு மேயவும் நெல் அடிக்கவும் தண்ணி ஓடவும் ஊருக்குப் பொதுவா விட்ட இடம். ஒண்ணுக்கும் உதவாததுங்கிற அர்த்தம் நாமளாக் கொடுத்தது.

இன்னொரு சுவாரசியம்: வருஷா வருஷம் தாசில்தார் ஆபீஸ்ல ஜமாபந்தி நடக்கும், கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கிற நிகழ்ச்சி. அந்தக் கணக்கு ஜனவரியில தொடங்காது, ஏப்ரல்லயும் தொடங்காது. ஜூலை 1-ல் தொடங்குது. பேரு பசலி ஆண்டு. முகலாயர் காலத்து அறுவடைக் கணக்கு. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரை பசலி 1434. ரோபோ வெல்டிங் பண்ற கம்பெனி நிக்கற நிலத்தோட கணக்கு இன்னும் அக்பர் காலத்து நாள்காட்டியிலதான் ஓடுது.

மூணாவது மேப்: சாமி

ஸ்ரீபெரும்புதூர்னா ராமானுஜர். 1017-ல் பிறந்தவரா மரபு சொல்லுது. ஆதிகேசவப் பெருமாள் கோயில்ல இருக்கிற அவரோட திருவுருவத்துக்குத் ‘தானுகந்த திருமேனி’ன்னு பேர். சித்திரைத் திருவாதிரையில ஊரே நிறைஞ்சிருக்கும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவுல வல்லக்கோட்டை முருகன். சுமார் ஏழடி உயர மூலவர், அருணகிரிநாதர் பாடின தலம். கிருத்திகை அன்னைக்கு அந்த ரோட்டுல ஷிஃப்ட் பஸ்ஸும் காவடியும் சேர்ந்தே நகரும்.

இவை பெரிய சாமிகள். ஆனா ஊரோட எல்லையை வரையறது சின்ன சாமிகள்தான். எல்லையில பிடாரி, செல்லியம்மன். ஏரிக்கரையில ஏழு கன்னிமார், வரிசையா ஏழு கல். ஆடி மாசம் கூழ் வார்க்கறதுக்கு முன்னாடி காப்பு கட்டுவாங்க. காப்பு கட்டினவங்க திருவிழா முடியற வரைக்கும் ராத்திரி ஊர் எல்லை தாண்டித் தங்கக்கூடாதுங்கிறது வழக்கம். எல்லை எங்கேன்னு அதுக்குச் சர்வே கல் தேவையில்ல. பாட்டிக்குத் தெரியும். அந்த ஏழு கல் எங்க இருக்கோ, அங்கதான் கரை. கரை எங்க இருக்கோ, அங்கதான் ஏரி.

அப்புறம் பாரதம். காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்கள்ல நாள் கணக்கா நடக்கிற திருவிழா. பகல்ல ஒருத்தர் உட்கார்ந்து பாரதக் கதை சொல்வாரு, ராத்திரி விடிய விடியக் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்னைக்கு உயரமான தபசு மரத்துல ஏறுவாங்க. கடைசி நாள் படுகளம்: தரையில மண்ணால பெரிய துரியோதனன் உருவம் செஞ்சு, அதைச் சுத்தி பீமனும் துரியோதனனும் சண்டை போட, சாயங்காலம் தீமிதி. இந்தக் கூத்து மரபுக்காகக் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்துல, புஞ்சரசந்தாங்கல்ல, கட்டைக்கூத்துக்குன்னே ஒரு குருகுலம் 2020 வரைக்கும் நடந்துச்சு. ஊர்ப் பேர் எதுல முடியுது பார்த்தீங்களா? தாங்கல்.

கூத்து எந்த நிலத்துல நடக்கும்? பெரும்பாலும் களத்துமேட்டுல, கோயில் முன்னாடி இருக்கிற பொட்டல்ல. அதாவது புறம்போக்குல. பொது நிலம் போச்சுன்னா, கூத்து ஆட இடம் இல்ல.

இந்த மேப்லயும் ஒரு கோடு இருக்கு. ஊர் வேற, காலனி வேற. தேர் எந்தத் தெரு வரைக்கும் போகும், எங்க திரும்பிடும்ங்கிறதுல ஜாதி இருக்கு. குடவோலைக் குடத்துல இல்லாதவங்கதான் தேர் வராத தெருவுலயும் இருக்காங்க. மரபுன்னு சொல்றப்போ கூழோட வாசனையை மட்டும் எடுத்துக்கிட்டு இதை விட்டுட முடியாது.

இன்னும் ஆழமாப் போனா மனுஷன் இங்க இருந்த காலமே வேற. ஒரகடத்துக்குப் பக்கத்துல வடக்குப்பட்டுல இந்தியத் தொல்லியல் துறை 2022-ல் அகழாய்வு தொடங்குச்சு. கற்காலக் கருவிகள், தங்க அணிகலன், ரோமானிய மதுச்சாடிகளோட உடைஞ்ச துண்டுகள் கிடைச்சிருக்கு. ஏற்றுமதி இறக்குமதி இந்த ஊருக்குப் புதுசில்ல!

நாலாவது மேப்: கம்பெனி

சிப்காட் தொடங்கினது 1971-ல். இந்த வட்டாரத்தோட முகம் மாறினது தொண்ணூறுகளோட கடைசியில. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் கார் வெளிய வந்துச்சு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா. 2010-ல் ஒரகடத்துல ரெனோ-நிசான், 2012-ல் டெய்ம்லர், 2013-ல் ராயல் என்ஃபீல்டு. பக்கத்துல வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், மாம்பாக்கம்னு சிப்காட் விரிஞ்சுக்கிட்டே போச்சு.

இதுக்கான நிலம் எடுக்கத் தனிச் சட்டமே இருக்கு: தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கிற 1997-ம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். 2019-ல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லுச்சு. அதே வருஷம் சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டு அதுக்கு உயிர் கொடுத்துச்சு. 2021-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏத்துக்கிச்சு.

நான் கம்பெனிகளுக்கு எதிரி இல்ல. என் முதல் சம்பளம் இங்கதான். தென்மாவட்டத்துல இருந்து வந்து ஹாஸ்டல்ல தங்கி வேலை பார்த்து, தங்கச்சியைப் படிக்க வைக்கிற எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தம்பிகளுக்கும் இதுதான் சோறு. காலனியில இருந்து படிச்சு வந்த ஒருத்தன் என்கூடவே ஒரே லைன்ல நின்னான். ஊருக்குள்ள அவனுக்கு இல்லாத சமமான இடம் அந்த லைன்ல இருந்துச்சு. இதையும் சொல்லணும்.

ஆனா கம்பெனி மேப்புக்கு ஆயுசு கம்மி. உலகத்துக்கே போன் செஞ்ச நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ம் தேதி மூடப்பட்டது. எட்டே வருஷம். ஆயிரக்கணக்கான பேர் வீட்டுக்குப் போனாங்க. ஏரிச் சங்கிலியோ ஆயிரம் வருஷத்தைத் தாண்டியும் கிடக்கு. எட்டு வருஷத்துக்காக ஆயிரம் வருஷத்தை அழிக்கிறப்போ கணக்கைச் சரியாப் போடணும் இல்லையா?

நாலும் மோதும் இடம்

பிரச்சினை எப்படி வருதுன்னா, பெரும்பாலும் யாரும் ஏரி நடுவுல கட்டறதில்ல. ஏரி காகிதத்துலயும் இருக்கும், நேர்லயும் இருக்கும். ஆனா ஏரிக்கு வர்ற ஓடை, மழைக்காலம் தவிர மத்த நாள்ல வெறும் பள்ளம். அதை ஒரு லேஅவுட்காரர் மண்ணைக் கொட்டி நிரவிடுவாரு. மேலே ரோடு வரும். ஏரி இருக்கும், வரத்து இருக்காது. ஊர்க்காரங்க சொல்வாங்க, “ஏரி செத்துடுச்சு”ன்னு. அப்புறம் ஒரு வருஷம் பெருமழை பெய்யும். தண்ணி தன் பழைய வழியைத் தேடி வரும். அங்க நாம ஆறு பேர் கட்டில் மேல பெட்டியை ஏத்திட்டு நிப்போம்.

ஏரிகளைப் பாதுகாக்கச் சட்டம் இல்லாம இல்ல. ஆக்கிரமிப்பை அகற்ற 2007-லயே ஏரிப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கு. ஆனா 2023 ஏப்ரல்ல சட்டமன்றத்துல இன்னொரு சட்டமும் நிறைவேறுச்சு: சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத பெரிய திட்டத்துக்குள்ள ஓடையோ ஏரியோ வந்தா, நிபுணர் குழு பரிசீலிச்ச பிறகு அந்த நிலத்தையும் திட்டத்தோட சேர்த்துக் கொடுக்க அது வழி செய்யுது. அரசு சொல்ற காரணம், நடுவுல சின்னச் சின்னப் புறம்போக்கு இருந்தா திட்டங்கள் வருஷக்கணக்குல நின்னுடுது. சூழலியலாளர்கள், விவசாயிகள் சொல்ற பதில், அந்தச் சின்னச் சின்னத் துண்டுதான் சங்கிலியோட கண்ணி.

இதோட கூர்மையான வடிவம் பரந்தூர். 2022 ஆகஸ்ட்ல சென்னையோட ரெண்டாவது விமான நிலையத்துக்கு இடம்னு அறிவிச்சாங்க. 13 கிராமங்கள். அந்தப் பகுதியில ஏரிகளும் இருக்கு, கம்பன் கால்வாயும் இருக்கு. ஏகனாபுரம் மக்கள் அன்னையில இருந்து போராடறாங்க. கிராம சபையில திரும்பத் திரும்பத் தீர்மானம் போடறாங்க. விமான நிலையம் தேவையா இல்லையாங்கிறதுல உங்களுக்கும் எனக்கும் வேற வேற கருத்து இருக்கலாம். ஆனா அங்க கால்வாய் திசை மாறினா, அது ஏகனாபுரத்தோட விஷயமா மட்டும் நிக்காது. ஸ்ரீபெரும்புதூர், செம்பரம்பாக்கம், அடையாறுன்னு கணக்கு நீளும்.

சரி, நாம என்ன பண்ணலாம்?

நீங்க ஒரகடம், படப்பை, மாத்தூர், வல்லம் பக்கம் வாடகைக்கு இருக்கிறவங்களா? அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி சர்வே நம்பரைக் கேளுங்க. தமிழ்நாடு அரசோட நிலப் பதிவேட்டு இணையதளத்துலயே ‘அ’ பதிவேட்டைப் பார்க்கலாம். பக்கத்து நம்பர் ஓடையா, ஏரியான்னு தெரிஞ்சுடும். அதோட பக்கத்துக் கடையில இருக்கிற வயசானவங்ககிட்ட, “2015-ல இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?”ன்னு ஒரு கேள்வி. இணையதளத்தைவிட அது வேகம்.

ரெண்டாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1, வருஷத்துக்கு ஆறு நாள். அந்த ஊராட்சி வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கிறவங்கதான் கிராம சபை உறுப்பினர். இங்கதான் பெரிய ஓட்டை. இந்த வட்டாரத்துல தூங்கற, தண்ணி குடிக்கிற, குப்பை போடற பெரும் கூட்டத்துக்கு ஓட்டு வேற ஊர்ல இருக்கு. அதனால ஊர் எண்ணிக்கையில பெருசாயிடுச்சு, சபை அப்படியே சின்னதா இருக்கு. நான் இருந்த ரெண்டு வருஷத்துல ஒரு கிராம சபைக்கும் போகல. அப்படி ஒண்ணு நடக்குதுன்னே தெரியாது. நீங்க நாலஞ்சு வருஷம் இங்கதான் இருக்கப் போறீங்கன்னா, படிவம் 8 கொடுத்து ஓட்டை மாத்திக்கறது ஒரு சாயங்கால வேலை.

மூணாவது, வார்த்தை. கலங்கல், மதகு, வரத்து, ஆயக்கட்டு, தாங்கல், புறம்போக்கு. இந்த ஆறு வார்த்தை தெரிஞ்சவனை ஏமாத்தறது கஷ்டம். பேர் தெரியாத ஓடையை யார் மூடினாலும் நமக்கு வலிக்காது.

போன மாசம் அந்தப் பழைய ரூமைத் தேடிப் போனேன். வீடு இருக்கு, இன்னொரு மாடி ஏத்தியிருக்காங்க. கீழ்த்தளத்துல வேற ஆறு பேர். அந்தப் பாட்டி இப்போ இல்ல. வாசல்ல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்த ஒரு தம்பிகிட்ட, “மழைக்காலத்துல இங்க தண்ணி வரும், தெரியுமா?”ன்னு கேட்டேன். “எங்கிருந்துண்ணா வரும்? பக்கத்துல ஆறு எதுவும் இல்லையே”ன்னான். அவனைக் கூட்டிக்கிட்டுப் பத்து நிமிஷம் நடந்தேன். புதர் மண்டின மேட்டுல ஏறினதும், பாதி மண்ணுல புதைஞ்ச ஒரு கல்வரிசை. “இதான் கலங்கல்”னேன். கொஞ்ச நேரம் பார்த்தான். திரும்பித் தன் ரூம் இருக்கிற திசையைப் பார்த்தான். அதுக்கப்புறம் நான் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கல.

உங்க ஊர்க் கலங்கல் எங்க இருக்குன்னு ஒருநாள் தேடிப் பாருங்க. கண்டுபிடிச்சா ஒரு போட்டோ எடுத்து, ஊர்ப் பேரோட எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.